நாலு ஓம் என்று எழுதியிருந்த காயில்

என் மனைவியை அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பதினெட்டு வருடமாக அவளுக்கு அங்கே 'ரீடிங் அக்கா' என்றுதான் பேர். இயற்பியல் லேபில் அட்டெண்டர் வேலை. மேசை துடைக்க வேண்டும், பீரோவிலிருந்து சாமான்களை எடுத்து வைக்க வேண்டும், வகுப்பு முடிந்ததும் எண்ணி உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும். சம்பளத்துக்கு உண்டான வேலை அவ்வளவுதான். ரீடிங் அக்கா என்ற பேர் சம்பளத்தில் சேராத வேலையால் வந்தது.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடக் கடைசியில் செய்முறைத் தேர்வு நடக்கும். வேறு பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் வந்து மார்க் போடுவார். பிள்ளைகள் நூலில் குண்டைக் கட்டி ஆட்டுவார்கள், கம்பியைத் தடவுவார்கள், முள் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாமல் திருதிருவென்று முழிப்பார்கள். இவள் துடைக்கிற துணியோடு பக்கத்தில் போவாள். உதடு அசைவது தெரியாது. "தொள்ளாயிரத்து எண்பது." அடுத்த மேசை. "ஒண்ணு புள்ளி அஞ்சு." பிள்ளைகள் அந்த விடையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்துபோய்க் கணக்கை எழுதி முடித்துவிடுவார்கள். எல்லாருக்கும் முழு மார்க். டீச்சருக்கும் தெரியும், வெளியிலிருந்து வருகிறவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி டீ குடிப்பார்கள்.

நான் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவன். எட்டாவதோடு படிப்பு முடிந்தது. வீட்டின் முன் அறைதான் கடை. ஒரு பெஞ்சு, சுற்றுகிற மிஷின், சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்ட கம்பிச் சுருள்கள், ஒரு வார்னிஷ் டப்பா. அந்த வாசனை துணியில் ஏறி, சோற்றில் ஏறி, இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிவதே இல்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேசி முடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. பேசி முடித்ததோடு மற்றப் பேச்சும் பாதி முடிந்துபோனது. காலையில் அவள் பள்ளிக்கூடம் போவாள், சாயங்காலம் வருவாள். சாப்பாடு ஆயிற்றா, கரண்ட் வந்ததா, கேஸ் சொல்லியாயிற்றா. இப்படித்தான் ஓடியது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. நிறை சொல்லவும் ஒன்றும் இல்லை.

அவளுக்கு நாற்பது வயது நடக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் வந்தது. இனிமேல் லேபில் அட்டெண்டர் என்று ஒரு வேலை கிடையாது, லேப் அசிஸ்டெண்ட் மட்டும்தான். அதற்குப் பன்னிரண்டாவது இயற்பியலில் தேறியிருக்க வேண்டும். இப்போது இருக்கிறவர்களுக்கு மூன்று வருடம் அவகாசம். தேறாவிட்டால் ஆபீஸுக்கு மாற்றிவிடுவார்கள். மணி அடிக்கலாம், ஃபைல் தூக்கலாம்.

"மணி அடிக்கிறதுல என்ன கேவலம்?" என்று கேட்டேன்.

"கேவலம்னு யாரு சொன்னா?" என்றாள். "அந்த ரூமு எனக்குப் பழகிடுச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். மறு வாரம் தனித்தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டாள்.

விடியற்காலை நாலரைக்கு எழுந்து என் பெஞ்சில்தான் படிப்பாள். அங்கேதான் நல்ல விளக்கு. பக்கத்துக் கடை வெல்டருக்கு இது வாயில் போட்டு மெல்ல நல்ல விஷயமாகப் போய்விட்டது.

"என்ன மாப்ள, பாப்பா ஸ்கூலுக்குக் கெளம்பியாச்சா? பேரண்ட்ஸ் மீட்டிங் வந்தா நீதான போவணும்?"

"உன் வேலையப் பாருடா."

"இல்ல, வீட்டுப்பாடம் எழுதலன்னா உன்னைத்தான் பெஞ்சு மேல ஏத்துவாங்க. அதுக்குச் சொன்னேன்."

முதல் வருடம் செய்முறைத் தேர்வில் அவளுக்கு ஊசல் வந்தது. குண்டை ஒழுங்காக ஆட்டக்கூட இல்லை. தொள்ளாயிரத்து எண்பது என்று எழுதி முழு மார்க் வாங்கினாள். எழுத்துத் தேர்வில் சுத்தமாக விழுந்தாள். இரண்டாம் வருடமும் அப்படியே. புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தாள், கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் நின்றுவிட்டாள்.

"எல்லாம் உங்க தலையில இருக்கும்மா," என்று இயற்பியல் டீச்சர் சொன்னாராம். "கையில இல்ல. இத்தனை வருஷமா எடுத்து வைக்கிறீங்க, ஒண்ணையாவது அளந்து பாத்திருக்கீங்களா?"

இவள் யோசித்துப் பார்த்தாளாம். இல்லை.

மூன்றாம் வருடம் வேறு மாதிரிப் படித்தாள். என்னிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். ஏன் இந்த மோட்டாருக்கு மெல்லிசுக் கம்பி, அதற்கு ஏன் தடிசு. நான் வாயில் நூலை வைத்துக்கொண்டு, "அப்படித்தான்" என்பேன். ஒரு நாள் ஒரு பம்பு மோட்டார் வந்தது. உள்ளே கல் மாட்டிச் சுற்ற முடியாமல் நின்று கருகிப்போயிருந்தது.

"ஏங்க, நின்னுபோன மோட்டாரு ஏன் எரியுது தெரியுமா?"

"நின்னா எரியும்."

"அது தெரியுது. ஏன்னு கேக்குறேன். சுத்துறப்போ அதுவே எதிர்ப்பக்கமா ஒரு வோல்டேஜ உண்டாக்கும். கரண்ட்ட அதுதான் மட்டுப்படுத்துது. சுத்தலன்னா அது வராது. அப்போ வர்ற கரண்டு முழுசா உள்ள ஏறிடும்."

இருபத்தாறு வருடமாக எரிந்த மோட்டார்தான் எனக்குச் சோறு. ஏன் எரிகிறது என்று ஒருவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. "சரி போ, டீ போடு" என்றேன். அவள் போய் டீ போட்டாள். நான் அந்தக் கருகிய காயிலை அன்றைக்குக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அது இருக்கட்டும்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அது இந்த மூன்றாம் வருடத்துக்கு இரண்டு வருடம் முன்னால் நடந்தது. அவள் லேபிலிருந்து ஒரு சின்ன மரக்கட்டையைக் கொண்டு வந்தாள். அதில் பதினைந்து சுற்றுக் கம்பி, இரண்டு பக்கமும் திருகு. கட்டையில் வெள்ளைப் பெயிண்டில் '4' என்று எழுதியிருந்தது. அந்தக் கம்பி நாலு ஓம் தடை கொடுக்கும் என்று அர்த்தம். பிள்ளைகள் அதை மீட்டர் பிரிட்ஜ் என்ற பலகையில் மாட்டி, தடை எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும். கம்பி நடுவில் அறுந்திருந்தது.

"இதே மாதிரி கட்டித் தாங்க. அதே கம்பியா இருக்கணும்."

பிரித்துப் பார்த்தேன். இருபத்தெட்டாம் நம்பர் கம்பி. என்னிடம் அந்த ரகத்தில் இருந்தது இருபத்தாறு மட்டும்தான், பழைய ஃபேன் ரெகுலேட்டரைப் பிரித்து எடுத்தது. அது கொஞ்சம் தடிசு. தடிசுக் கம்பிக்குத் தடை குறைவு. இது எனக்குத் தெரியாததில்லை. மோட்டாராக இருந்தால் இப்படிச் செய்ய மாட்டேன், மாதத்துக்குள் திரும்பி வந்து என் மூஞ்சியில் புகையும். இது பள்ளிக்கூடத்துச் சாமான். எது எரியப் போகிறது? அதே பதினைந்து சுற்று எண்ணிச் சுற்றினேன், வார்னிஷ் அடித்தேன். நாலு என்ற எழுத்து அப்படியே இருந்தது.

"அதே கம்பிதான?"

"அதேதான்."

நான் கட்டிய காயில் இரண்டு தேர்வுக்கு மேசைக்கு வந்தது. அவள் பக்கத்தில் போய் "நாலு" என்றாள். பிள்ளைகள் நாலு என்று எழுதினார்கள். வெளியிலிருந்து வந்தவர் லேபின் சாமான் ரிஜிஸ்டரைப் பார்த்தார், அதிலும் நாலு. டிக் அடித்தார்.

மூன்றாம் வருடம் பாடத்திட்டம் மாறியதால் செய்முறையையும் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. அவளுக்குக் கிடைத்த சென்டர் அவளுடைய லேபேதான். சாமான் எடுத்து வைக்க ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். எந்தச் சோதனை வரும் என்று எல்லாரையும் போல இவளும் சீட்டு எடுத்தாள். மீட்டர் பிரிட்ஜ்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். நான் ஒரு ஐந்து குதிரைத்திறன் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றினாள், தண்ணீர் குடித்தாள், எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"என்ன வந்துச்சு?"

"மீட்டர் பிரிட்ஜ். நாலு ஓம் காயிலு."

"அப்புறம் என்ன. தெரிஞ்சதுதான."

"தெரிஞ்சதுதான். ஆனா நாலுன்னு எழுதிட்டு வரக்கூடாதுன்னு நெனச்சேன். டீச்சர் சொன்னாங்கல்ல. அளந்து பாத்துடுவோம்னு." அவள் கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "இந்தப் பக்கம் ரெசிஸ்டன்ஸ் பெட்டியில நாலு எடுத்தேன். அந்தப் பக்கம் காயிலு. ரெண்டும் நாலுன்னா நூறு சென்டிமீட்டர் கம்பியில நடுவுல, ஐம்பதுல, குச்சிய வச்சா மீட்டரு முள்ளு ஓடாம நிக்கணும். ஐம்பதுல வச்சேன். முள்ளு ஒரு பக்கமா ஓடுது."

நான் சுற்றிக்கொண்டே இருந்தேன். நாற்பத்திரண்டு. நாற்பத்துமூன்று.

"திருகெல்லாம் இறுக்கினேன். கம்பி முனைய உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். பேட்டரி செல்ல மாத்தினேன். மறுபடி ஓடுது. அப்படியே தள்ளிக்கிட்டே போனா அறுபதுகிட்ட, ஐம்பத்தொம்பது புள்ளி ஏழுல போய் நிக்குது. ஆடாம நிக்குது. பெட்டியில மூணு வச்சுப் பாத்தேன், ரெண்டு வச்சுப் பாத்தேன். எப்படிக் கணக்குப் போட்டாலும் ரெண்டு புள்ளி ஏழுதான் வருது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. நேரமாச்சு. வேற பேப்பர் வாங்கி ஐம்பதுன்னு எழுதினேன். நாலுன்னு விடை போட்டேன். மார்க் போட வந்தவரு பாத்துட்டு வெரி குட்டுன்னாரு." கையில் ஒட்டியிருந்த உப்புத்தாள் தூளைத் துடைத்தாள். "மூணு தடவையும் ஒரே தப்பு வந்துது. ஒரே மாதிரி தப்புப் பண்றதுக்குக்கூட ஒரு கை வேணும்போல."

எனக்குச் சுற்று எண்ணிக்கை விட்டுப்போயிற்று. இந்தத் தொழிலில் எண்ணிக்கை விட்டால் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து சுற்ற வேண்டும். அவிழ்த்தேன். அவள் உள்ளே போனாள். அந்தக் கம்பியைப் பற்றி நான் சொல்லவில்லை.

எருமை மேல் மழை பெய்கிற மாதிரி நின்றேன். எழுத்துத் தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அது முடியட்டும் என்று இருந்துவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம், ஆனால் அப்படி நான் நினைக்கவில்லை. மூன்று நாள் போயிற்று. அந்த மூன்று நாளும் காலையில் பெஞ்சு காலியாக இருந்தது. நாலாம் நாள் கடையைத் திறக்கும்போது பார்த்தேன், புத்தகமெல்லாம் ஒரு கட்டாகக் கதவு ஓரத்தில் இருந்தது. நான் காயில் கட்டுகிற வெள்ளை நாடாவை எடுத்து இறுக்கிக் கட்டியிருந்தாள். முடிச்சு நான் போடுகிற முடிச்சு.

"இது என்ன?"

"டீச்சருகிட்ட குடுத்துடலாம்னு. வேற யாருக்காவது ஆகும்."

"பரீட்சை?"

"போகல. அளக்கத் தெரியாதவளுக்கு லேப் எதுக்குங்க? சொல்லிக் குடுத்தத சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவ. மணி அடிக்கிறேன். மணி அடிக்கக் கடிகாரம் பாக்கத் தெரிஞ்சா போதும்."

அழுதிருந்தால் நான் ஏதாவது சத்தம் போட்டிருப்பேன். அழவில்லை. கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். நான் சுவரிலிருந்து அந்த இருபத்தாறாம் நம்பர் சுருளை எடுத்து அவள் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அந்தக் காயிலுல இருக்கிறது இந்தக் கம்பி."

பார்த்தாள்.

"இருபத்தெட்டு இல்ல. இருபத்தாறு. அன்னைக்கு இதுதான் இருந்துச்சு. அதேன்னு சொன்னேன். அதே இல்ல."

சுருளை எடுத்து விரலால் கம்பியைத் தடவினாள். ஒரு பழைய நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். நான் நின்றுகொண்டிருந்தேன். வெல்டர் வாசலில் வந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், எங்கள் மூஞ்சியைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

"ரெண்டு புள்ளி ஏழு," என்றாள். "சரியா வருது."

"ம்."

"மூணு நாளா ஏன் சொல்லல?"

"சொல்லல."

"வருஷத்துக்கு அறுபது பிள்ளைங்க. ரெண்டு வருஷம். சீட்டு எடுத்தவன் அத்தனை பேர்கிட்டயும் நாலுன்னு சொன்னேன்." அவள் குரல் ஏறவே இல்லை. "சட்டை மாத்திக்கிட்டு வாங்க."

"எங்க?"

"லேபுக்கு."

பதினெட்டு வருடத்தில் அன்றுதான் முதல் தடவை அந்த அறைக்குள் போனேன். நீளமான அறை. கறுப்பு மேசைகள், ஓரமெல்லாம் பிள்ளைகள் காம்பஸால் கீறிய பேர்கள். என் வீட்டை விடச் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு பீரோக் கதவிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. டீச்சர் மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

என் மனைவி மீட்டர் பிரிட்ஜை எடுத்து வைத்தாள். காயிலை மாட்டினாள், பெட்டியில் நாலு எடுத்தாள். பிறகு அந்தக் கம்பியைத் தொடுகிற குச்சியை என் கையில் கொடுத்தாள்.

"நீங்க வைங்க. ஐம்பதுல."

வைத்தேன். முள் ஓடியது.

"தள்ளுங்க. தேய்க்காதீங்க, எடுத்து எடுத்து வைங்க."

ஐம்பத்தைந்து. ஐம்பத்தெட்டு. முள் நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஐம்பத்தொன்பதைத் தாண்டி ஏழாவது கோட்டில் வைத்தேன். நேராக நின்றது.

"பாத்தீங்களா டீச்சர்," என்றாள்.

டீச்சர் பார்த்தார். நான் செய்ததை நானே சொன்னேன், சுருக்கமாக. அவர் என்னை ஒன்றும் திட்டவில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"சரி. இப்ப என்ன பண்ணணுங்கறீங்க?"

"ரிஜிஸ்டர்ல திருத்தணும் டீச்சர். நாலு இல்ல, ரெண்டு புள்ளி ஏழுன்னு. இன்னைக்குத் தேதி போட்டு."

"யோசிச்சுப் பாருங்கம்மா. ரெண்டு வருஷமா எல்லாரும் நாலுன்னு எழுதி மார்க் வாங்கியிருக்காங்க. யாராவது ரிஜிஸ்டரைத் திறந்து பாத்தா என்ன கேப்பான்? இத்தனை பேருக்கும் எப்படி நாலு வந்துச்சுன்னு கேப்பான். முதல்ல உங்க பேப்பரைத்தான் எடுப்பான். உங்களுக்கு இது கடைசி வருஷம்."

"தெரியும் டீச்சர்."

"ரிசல்ட் வர்ற வரைக்குமாவது விடுங்க. அப்புறம் நானே எழுதறேன்."

"அதுக்கு நடுவுல யாராவது இதை அளந்தா, அவங்க கை தப்புன்னு நெனச்சுக்குவாங்க," என்றாள்.

பீரோவிலிருந்து ரிஜிஸ்டரை எடுத்து வந்தாள். நாலு என்பதை ஒற்றைக் கோடு போட்டு அடித்தாள், அடியில் இருப்பது தெரிகிற மாதிரி. பக்கத்தில் 2.7 என்று எழுதி, தேதி போட்டு, தன் கையெழுத்துப் போட்டாள். பொறுப்பாசிரியர் கையெழுத்து என்ற இடத்தை டீச்சர் பக்கம் திருப்பினாள். டீச்சர் டீ கிளாஸைக் கழுவ எழுந்து போனார். திரும்பி வந்து விடைத்தாள் திருத்த உட்கார்ந்தார். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பி வந்தோம். வாசலில் வெல்டர், "என்ன மாப்ள, பேரண்ட்ஸ் மீட்டிங்கா?" என்றான். "ஆமாடா" என்றேன். அவள் கதவோரத்துப் புத்தகக் கட்டை அவிழ்த்தாள். நாடாவை வீணாக்காமல் சுற்றி என் பெஞ்சில் வைத்தாள். மறுநாள் நாலரைக்கு விளக்கு எரிந்தது.

எழுத்துத் தேர்வு எழுதினாள். ஒன்றரை மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. இடையில் யாரும் ரிஜிஸ்டரைத் திறக்கவில்லை. திறப்பார்களோ என்று நான் தினமும் நினைத்தேன், அவள் நினைத்தாளா என்று தெரியாது. எழுத்தில் பாஸ் மார்க்குக்கு மேலே மூன்று. செய்முறையில் முழு மார்க், தப்பான விடைக்கு. பேப்பரை என்னிடம் நீட்டினாள். நான் பார்த்துவிட்டு, "பாஸா?" என்றேன். "பாஸ்" என்றாள். சாப்பிட்டோம்.

இப்போது அவள் லேப் அசிஸ்டெண்ட். அடுத்த செய்முறைத் தேர்வில் துணியோடு மேசை மேசையாகப் போனாள், வாயைத் திறக்கவில்லை. ஒரு பெண் பிள்ளை அழாத குறையாகக் கேட்டதாம்.

"அக்கா, ரீடிங்?"

"முள்ளு எங்க நிக்குது?"

"ஆடுதுக்கா."

"நிக்கிற வரைக்கும் நகத்து."

அந்த வருடம் நிறையப் பேருக்கு மார்க் குறைந்தது. டீச்சர் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிள்ளைகளும் திட்டியிருப்பார்கள். ரீடிங் அக்கா என்ற பேர் மட்டும் போகவில்லை, இனிப் போகாது.

அந்தக் காயிலைச் சரியான கம்பியில் மாற்றிக் கட்டித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். இருபத்தெட்டாம் நம்பர் ஒரு சுருள் வாங்கியும் வைத்தேன். "வேணாம்" என்றாள். கட்டையில் நாலை அழித்து 2.7 என்று அவளே பெயிண்டில் எழுதியிருக்கிறாள்.

லேபிலிருந்து ஏதாவது பழுதுபார்க்க வந்தால் இப்போது கூடவே ஒரு காகிதமும் வரும். கம்பி ரகம், நம்பர், சுற்று எண்ணிக்கை, எல்லாம் நான் எழுதிக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். போன வாரம் ஒரு மின்காந்தத்தைக் கொண்டு வந்து பெஞ்சில் வைத்தாள். காகிதத்தையும் பேனாவையும் வைத்தாள். வேலையை முடித்தேன், எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். அவள் காகிதத்தை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பிறகு முனையிலிருந்து கொஞ்சம் கம்பியை இழுத்து, பையிலிருந்து கம்பித் தடிமன் அளக்கிற லேபின் திருகு அளவியை எடுத்து, அளந்து பார்த்தாள்.

"சரியா இருக்கு," என்றாள்.

"ம்," என்றேன். அடுத்த மோட்டாரை எடுத்தேன்.